கையை விட்டால் என்ன ஆகும்? - ஆக்சிலேட்டர் கேபிளின் வரலாறு

கடலாடி தாலுகாவின் கடற்கரை ஊர்களில் காலை நேரத்தில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். மூக்கையூர், மாரியூர், வாலிநோக்கம் பக்கம் கரைக்கு வந்த மீனை ஐஸ் போட்டுப் பெட்டியில் அடைத்து, டி.வி.எஸ். மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு வியாபாரிகள் உள்ளூர்ப் பக்கம் கிளம்புவார்கள். தார் ரோடு ஏறும் வரை மணல்தான். இரண்டு பக்கமும் சீமைக்கருவேல முள். அந்த மணலில் வண்டியை ஓட்டுவது லேசான வேலை இல்லை. கொஞ்சம் அதிகமாக முறுக்கினால் பின் சக்கரம் தோண்டிக்கொண்டு இறங்கிவிடும். கொஞ்சம் விட்டால் வண்டி நின்று புதைந்துவிடும். எல்லாமே வலது கையின் அளவில் இருக்கிறது.

அந்தக் கையின் அளவை இன்ஜினுக்குக் கொண்டுபோவது எது? ஒரு கறுப்பு உறைக்குள் ஓடும் மெல்லிய இரும்புக் கம்பி. அதுதான் ஆக்சிலேட்டர் கேபிள்! அறுந்துபோகும் வரை யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அதற்கு நூற்றி இருபத்தைந்து ஆண்டுகளைத் தாண்டிய ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாறு முழுக்க ஒரே ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது: ஓட்டுபவர் கையையோ காலையோ எடுத்துவிட்டால் இன்ஜின் என்ன செய்யும்?

கேபிளுக்கு முன்பு

ஆரம்ப கால மோட்டார் வண்டிகளில் கேபிள் கிடையாது. இரும்புத் தண்டுகளும் நெம்புகோல்களும்தான். 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் வேகத்தைக் கூட்டும் நெம்புகோல் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்தது. கையால் இழுத்து வைத்தால் பல் போன்ற ஒரு வளையத்தில் அது அப்படியே நிற்கும். கையை எடுத்தாலும் வேகம் குறையாது. ஓட்டுபவர் மயங்கி விழுந்தாலும் கார் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்! அன்றைய சாலைகளும் வேகமும் வேறு என்பதால் அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

தண்டுகளுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. தண்டு நேர்கோட்டில்தான் வேலை செய்யும். வளைய வேண்டிய இடத்தில் எல்லாம் ஒரு மூட்டு வேண்டும். ஒவ்வொரு மூட்டும் தேயும், ஆடும். இன்ஜின் அதிரும்போது தண்டும் சேர்ந்து அசையும். சைக்கிள், மோட்டார் சைக்கிள் மாதிரி ஹேண்டில்பார் திரும்புகிற வண்டிகளில் இது இன்னும் பெரிய தலைவலி.

பவுடன் செய்த வேலை

இதற்கு விடை சைக்கிளிலிருந்து வந்தது. அயர்லாந்துக்காரரான எர்னஸ்ட் மானிங்டன் பவுடன் 1896-ல் பிரிட்டனில் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். உறைக்குள் ஓடும் கம்பி. அவ்வளவுதான்! முதலில் சைக்கிள் பிரேக்குக்குப் பயன்பட்டது. பின்பு மோட்டார் சைக்கிளின் கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் என்று எல்லாவற்றுக்கும் பரவியது. இன்றும் பொறியியல் புத்தகங்களில் இதன் பெயர் 'பவுடன் கேபிள்'தான். ராலே சைக்கிள் கம்பெனியின் ஃபிராங்க் பவுடனுக்கும் இதே குடும்பப் பெயர் என்பதால், பல இடங்களில் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று தவறாக எழுதுகிறார்கள். 1904-ல் எர்னஸ்ட் பவுடன் இறந்தபோது மோட்டார் யுகம் சரியாகத் தொடங்கியிருக்கவே இல்லை.

கேபிளின் தந்திரம் உள்கம்பியில் மட்டும் இல்லை, வெளியுறையிலும் இருக்கிறது. கறுப்பு பிளாஸ்டிக்கை உரித்துப் பார்த்தால் உள்ளே ஸ்பிரிங் போல நெருக்கமாகச் சுற்றிய இரும்புச் சுருள் இருக்கும். உள்கம்பியை இழுக்கும்போது இந்தச் சுருள் அதே அளவு விசையோடு நெருக்கப்படுகிறது. உறையின் இரண்டு முனைகளும் அசையாமல் உட்கார்ந்திருந்தால்தான் இழுப்பு முழுதாக மறுமுனைக்குப் போகும். ஒரு முனை இருக்கையிலிருந்து நழுவிவிட்டால் பாதி இழுப்பு உறையை நகர்த்துவதிலேயே வீணாகிவிடும். 'கேபிள் புதுசு, ஆனா வண்டி இழுக்கல' என்று மெக்கானிக் கடைக்கு வரும் வண்டிகளில் சிலவற்றுக்கு நோய் இதுதான்.

இழுக்கும், தள்ளாது

கேபிளால் இழுக்க மட்டுமே முடியும். தள்ள முடியாது. கிணற்றில் வாளிக் கயிறு மாதிரி. கயிற்றை இழுத்தால் வாளி மேலே வரும். ஆனால் வாளி கீழே இறங்குவது கயிற்றால் அல்ல, தன் எடையால். ஆக்சிலேட்டரில் அந்த எடையின் வேலையைச் செய்வது ஒரு ஸ்பிரிங். கார்புரேட்டரில் காற்றை அடைக்கும் தட்டை அல்லது ஸ்லைடை அது எப்போதும் மூடிய நிலைக்கே தள்ளிக்கொண்டிருக்கும்.

இப்போது அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கையை விட்டால் ஸ்பிரிங் மூடும். கேபிள் அறுந்தாலும் ஸ்பிரிங் மூடும். வண்டி ஐடிலிங்குக்கு வந்து நின்றுவிடும். வழியில் நிற்பது தொல்லைதான், ஆனால் ஆபத்து இல்லை.

உண்மையான ஆபத்து வேறு. கேபிள் அறுவது அல்ல, உள்ளே சிக்கிக்கொள்வது!

மீன்பிடித் துறையில் தோணிக் கயிற்றைக் கட்டைத் தூணில் இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு ஒருவர் ஒரு கையால் பிடித்திருப்பார். தோணி எவ்வளவு இழுத்தாலும் கயிறு நழுவாது. சுற்று கூடக் கூட உராய்வு கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறும். கேபிளுக்குள்ளும் அதே கணக்குதான். வழியில் இருக்கும் வளைவுகளை எல்லாம் கூட்டினால் 180 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உராய்வுக் கெழு 0.15 என்றால் ஒரு முனையில் உள்ள விசையைப் போல 1.6 மடங்கு மறுமுனையில் இழுக்க வேண்டும். துரு ஏறி, மணல் புகுந்து அந்தக் கெழு 0.4 ஆனால் 3.5 மடங்கு வேண்டும்.

மனிதனின் காலுக்கு 3.5 மடங்கு ஒரு பொருட்டே இல்லை, மிதித்துவிடும். ஸ்பிரிங்குக்கு அந்த பலம் கிடையாது. அதாவது கேபிள் கெடும்போது திறக்கும் வழி திறந்தே இருக்கிறது, மூடும் வழிதான் அடைபடுகிறது. ஆக்சிலேட்டர் கேபிளின் பராமரிப்பு என்பது முழுக்க இந்த 'திரும்பி வரும் பாதை'யைக் காப்பாற்றுவதுதான்.

1964: இரண்டு மணல்கள்

மணலில் ஓடும் வண்டிகளின் வரலாற்றில் 1964 ஒரு முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் கண்ணாடி நாரிழையில் ஒரு உடலைச் செய்து, அதில் வோக்ஸ்வாகன் பீட்டில் காரின் பாகங்களைப் பொருத்தி, கடற்கரை மணலில் ஓட்டினார். 'மேயர்ஸ் மாங்ஸ்' என்ற அந்த வண்டிதான் உலகம் முழுவதும் 'டியூன் பக்கி' என்ற வகைக்கே முகமானது. 1967-ல் அவரும் டெட் மாங்கெல்ஸும் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் லா பாஸிலிருந்து டிஹுவானா வரை 34 மணி 45 நிமிடத்தில் ஓட்டிச் சாதனை படைத்தார்கள். அங்கே மணல் ஒரு விளையாட்டு மைதானம்.

அதே 1964-ன் டிசம்பர் 22 இரவு ராமேஸ்வரம் தீவின் முனையில் புயல் அடித்தது. தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலில் மூழ்கியது. 1914 முதல் ரயிலும், தலைமன்னாருக்குக் கப்பலும் இருந்த துறைமுக ஊருக்குத் தண்டவாளமும் இல்லை, ரோடும் இல்லை என்றானது. அதன்பின் அங்கே போக வழி மணலும், ஆழமில்லாத கடல்நீர்ப் பரப்பும்தான். பல ஆண்டுகள் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து ஜீப்புகளும் வேன்களும் சக்கரம் முங்க உப்பு நீரைக் கடந்து, மணலில் குலுங்கியபடி மீனையும் ஆட்களையும் சுற்றுலாப் பயணிகளையும் ஏற்றிப் போயின. 2017 ஜூலை 27 அன்று முகுந்தராயர் சத்திரம் முதல் அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை திறக்கப்பட்ட பிறகுதான் சாதாரணக் கார்கள் அங்கே போக முடிந்தது. இங்கே மணல் விளையாட்டு இல்லை, வாழ்க்கை!

பக்கியில் கேபிள் மாட்டுவது

பக்கிகளில் பெரும்பாலும் இன்ஜின் பின்னால் இருக்கும், மிதி முன்னால் இருக்கும். நம்ம ஊர் ஆட்டோவில் ஹேண்டில்பாரிலிருந்து பின்னால் உள்ள இன்ஜினுக்குக் கேபிள் போகிறதே, அதே ஏற்பாடு. கேபிள் நீளம், அதனால் கவனமும் அதிகம் வேண்டும். பீட்டில் காரில் கம்பி நடுவில் உள்ள சுரங்கம் போன்ற குழாய் வழியாகப் பின்னால் போய், கார்புரேட்டரின் நெம்புகோலில் ஒரு சின்ன உருளையில் திருகாணியால் பிடிக்கப்படும். மேயர்ஸ் தன் பக்கிகளுக்காக பீட்டிலின் தரைச்சட்டத்தைச் சுமார் 14 அங்குலம் வெட்டிக் குறைத்தார். அப்போது உள்ளே உள்ள குழாயையும் குறைக்க வேண்டும், கம்பியையும் அளந்து வெட்ட வேண்டும். மீதிக் கம்பியைச் சுருட்டி விட்டால் அது எங்கேயாவது சிக்கும்.

எந்த பக்கியாக இருந்தாலும் மாட்டும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

1. முதலில் பாதை. சைலன்சர் சூடு படாமல், சக்கரமும் சஸ்பென்ஷனும் ஏறி இறங்கும்போது நசுங்காமல், வளைவுகள் குறைவாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். இழுத்துக் கட்டவும் கூடாது, தொங்கவும் விடக் கூடாது.

2. உறையின் இரு முனைகளும் அவற்றின் இருக்கையில் முழுதாக உட்கார வேண்டும். அதன்பின் உள்கம்பி முனையில் உள்ள ஈயக் குண்டை மிதியின் பள்ளத்தில் மாட்ட வேண்டும்.

3. சில மில்லிமீட்டர் தளர்வு விட வேண்டும். தளர்வே இல்லை என்றால் சேஸிஸ் முறுக்கும்போதும் ஹேண்டில்பார் திரும்பும்போதும் இன்ஜின் தானாக ரேஸ் ஆகும்.

4. மிதியை முழுக்க அழுத்தும்போது கால் மோதி நிற்க வேண்டியது மிதிக்கு அடியில் உள்ள தடுப்பில், கேபிளில் அல்ல. இல்லாவிட்டால் காலின் முழு பலமும் அந்த மெல்லிய கம்பியில் விழும். பீட்டிலில்கூட முழுதாக மிதித்த நிலையில் கார்புரேட்டர் நெம்புகோலுக்கும் அதன் தடுப்புக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளி விடுவார்கள்.

5. கடைசியாகச் சோதனை. இன்ஜின் ஓடாதபோது மிதியை அழுத்திச் சட்டென்று விட வேண்டும். 'டக்' என்று மூடும் சத்தம் கேட்க வேண்டும். மெதுவாக ஊர்ந்து மூடினால் அந்த வண்டியை எடுக்கக் கூடாது. பிறகு இன்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்ப வேண்டும். சத்தம் மாறக் கூடாது.

கடலாடி மணலில் ஓடும் பக்கி

கடலாடிப் பக்கம் மேயர்ஸின் பக்கி வரவில்லை. வந்தது டி.வி.எஸ். 50. 1980-ல் ஓசூரிலிருந்து வந்த இந்த மொபெட்டும் அதன் வழிவந்த எக்ஸ்.எல். வண்டிகளும்தான் இந்தக் கரையின் உண்மையான 'ஆஃப் ரோடு' வண்டிகள். மீன், உப்பு, கரி, பனைப் பொருட்கள் என்று எதை ஏற்றினாலும் மணலில் இழுத்துக்கொண்டு வரும். பெங்களூரில் 1985-ல் தொடங்கிய சுப்ரஜித் என்ற கேபிள் கம்பெனிக்கு ஆரம்ப கால வாடிக்கையாளர் டி.வி.எஸ்.தான். பிற்காலத்தில் அது உலகின் பெரிய கேபிள் கம்பெனிகளில் ஒன்றாக வளர்ந்தது. எளிய மொபெட்டின் கம்பி அவ்வளவு தூரம் இழுத்திருக்கிறது!

ஆனால் இந்தக் கரை கேபிளுக்கு நல்ல இடம் அல்ல. தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளம் இருக்கும் பகுதி இது. காற்றிலேயே உப்பு. உப்பு ஈரத்தை இழுக்கும். உறையின் முனை வழியாக உள்ளே போன ஈரம் வெளியே வர வழி இல்லாமல் கம்பியை அரிக்கும். அதோடு நுண் மணல். இரண்டும் சேர்ந்தால் கேபிள் உள்ளிருந்தே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல ஆகும்.

கடற்கரையில் ஓடும் வண்டிக்குச் செய்ய வேண்டியவை இவை:

உப்பு நீரில் போய் வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, முனைகளைத் துடைத்துக் காய விட வேண்டும். கேபிள் முனையை நோக்கி வேகமாகத் தண்ணீர் பீய்ச்சக் கூடாது. ரப்பர் மூடிகள் கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும், அதுதான் வாசல் கதவு.

கேபிளுக்கு ஆயில் விட அதைக் கழற்றிச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேல் முனையில் பாலிதீன் காகிதத்தைப் புனல் மாதிரி கட்டி, மெல்லிய ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விடுவது பழைய மெக்கானிக்குகளின் வழி. அடியில் முதலில் செம்பழுப்பாக அழுக்கு வரும். ஆயில் சுத்தமாக வரும் வரை விட வேண்டும். கெட்டி கிரீஸ் வேண்டாம், அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே வழவழப்பான பிளாஸ்டிக் குழாய் வைத்த புது வகைக் கேபிள்களுக்குத் தயாரிப்பாளர் சொன்னதை மட்டும் செய்தால் போதும்.

முனையில் ஒரே ஒரு இழை பிசிறி நின்றாலும் கேபிளை மாற்றிவிட வேண்டும். அந்தப் பிசிறுதான் உறைக்குள் நுழையும்போது முள் மாதிரி குத்தி நிற்கும். கையை விட்டாலும் இன்ஜின் அடங்காமல் போவது இப்படித்தான். தூரப் பயணம் போகும் பலர் புதுக் கேபிளைப் பழைய கேபிளோடு சேர்த்தே கட்டி வைத்திருப்பார்கள். அறுந்தால் இரண்டு முனையை மாற்றினால் போதும்.

அப்படியும் ஓட்டத்தில் சிக்கிவிட்டால்? முதலில் கிளட்ச் இருந்தால் பிடிக்க வேண்டும், இன்ஜினை அணைக்கும் சுவிட்சைத் தட்ட வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும். முறுக்கிக்கொண்டே சரிசெய்யப் பார்ப்பதுதான் பெரிய தப்பு.

சட்டமான ஸ்பிரிங்

'கையை விட்டால் என்ன ஆகும்?' என்ற கேள்வி ஒரு கட்டத்தில் சட்டமாகவே மாறியது. அமெரிக்காவில் 1973-ல் நடைமுறைக்கு வந்த 124-ஆம் எண் பாதுகாப்பு விதி, காலை எடுத்ததும் ஆக்சிலேட்டர் குறித்த நேரத்துக்குள் மூட வேண்டும் என்றது. சாதாரண வெப்பநிலையில் கார்களுக்கு அது ஒரு வினாடி. மூடுவதற்கு ஒன்றல்ல, குறைந்தது இரண்டு தனித்தனி ஸ்பிரிங் போன்ற விசைகள் வேண்டும் என்றும் சொன்னது. ஒன்று உடைந்தாலும் மற்றது காப்பாற்றும்.

மாணவர்கள் கட்டும் பக்கிகளுக்கும் இதே சிந்தனைதான். 1976-ல் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பாஹா போட்டி 2007-ல் இந்தியாவுக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் நடந்த அந்தப் போட்டிகளுக்குத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளும் குழாய்ச் சட்டத்தில் வண்டி கட்டிக்கொண்டு போயின. மிதியில் தடுப்பு இருக்கிறதா, ஏதாவது பழுதானால் ஆக்சிலேட்டர் தானாக மூடுமா என்பது பாஹா விதிகளிலேயே உண்டு. எவ்வளவு வேகமான வண்டி என்பது அதற்கு அப்புறம்தான்!

கம்பி போய்விட்டால்

1980-களின் இறுதியில் பி.எம்.டபிள்யூ.வின் விலை உயர்ந்த கார்களில் கேபிளுக்குப் பதில் மின்சார ஆக்சிலேட்டர் வந்தது. மிதியில் சென்சார், இன்ஜினில் மோட்டார். இன்று பெரும்பாலான கார்களில் அதுதான். மொபெட், எளிய பைக்குகளில்தான் கேபிள் இன்னும் மிச்சமிருக்கிறது.

கம்பி போனதும் கேள்வியும் போய்விட்டதா? இல்லை. 2009, 2010-ல் டொயோட்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றில் கேபிள் இல்லை. ஆனால் தரைவிரிப்பில் மிதி மாட்டிக்கொண்டது, சில கார்களில் மிதியே ஒட்டிக்கொண்டு திரும்பவில்லை. நாசா பொறியாளர்கள் உட்பட ஆராய்ந்து 2011-ல் வெளியிட்ட அறிக்கை, மின்னணுக் கோளாறு காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்றது. கணினி வந்தபிறகும் ஆளைக் கொன்றது அதே பழைய பிரச்சினைதான்: காலை எடுத்தும் மிதி திரும்பி வரவில்லை.

கடலாடிக் கரையில் நாளைக் காலை மீன் ஏற்றப் போகும் வண்டிக்கும் அதே சட்டம் பொருந்தும். கிளம்புவதற்கு முன் ஒரு முறை முறுக்கி விட்டுப் பார்க்க ஒரு வினாடி போதும். 'டக்' என்ற அந்தச் சின்னச் சத்தம் வந்தால் வண்டி ஓட்டுபவர் சொல்வதைக் கேட்கும். வராவிட்டால் இறங்கிவிட வேண்டியதுதான்.